பத்துக்குப் பத்து

ஏசி வாங்கப் போனால் கடைக்காரரின் முதல் கேள்வி, "ரூம் எத்தனைக்கு எத்தனை? மேலே மொட்டை மாடியா?" என்பதுதான். பெயின்ட் கடையில் சுவரின் சதுர அடி கேட்கிறார்கள். திரைச்சீலை தைப்பவர் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து ஜன்னலை அளந்துகொண்டு போகிறார். ஸ்பீக்கர் விற்பவர் மட்டும் ஒன்றும் கேட்பதில்லை. ஒரு ஜோடிப் பெட்டியை நாற்பதாயிரம் ரூபாய்க்கு நம் தலையில் கட்டுகிறவர், அது போய் நிற்கப்போவது கல்யாண மண்டபத்திலா, துணி மடிக்கிற அறையிலா என்று ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டேன் என்கிறார். ஏசி சிறிதாகப் போனால் குளிர் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஸ்பீக்கர் சமாச்சாரத்தில், காதில் விழப்போகும் சத்தத்தில் பெரும்பங்கை அறைதான் தீர்மானிக்கிறது.

அதிலும் வாங்க வந்திருப்பது பெண்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். "டிவிக்கா மேடம்? சவுண்ட் பார் பாருங்க, சுவத்துல மாட்டிடலாம்." இல்லை தம்பி, பாட்டு கேட்க, ரெண்டு ஸ்பீக்கர், ஸ்டீரியோ என்று சொன்னால், அந்தப் பையனின் பார்வை என் தோளைத் தாண்டி என் கணவரைத் தேடிப் போகும். அவர் ஓரமாக நின்று கைப்பேசியில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருப்பார். "சார் எத்தனை வாட்ஸ்ல பார்க்கறீங்க?" சார் நிமிர்ந்து, "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, எல்லாம் அவங்கதான்" என்று உண்மையைச் சொல்வார். அப்போதும் அந்தப் பையன் நம்ப மாட்டான். விலையை அவரிடம்தான் சொல்வான்.

இந்த வாட்ஸ் கேள்வி என்றைக்கு ஒழியுமோ. தொண்ணூறுகளில் டூ-இன்-ஒன் பெட்டிகளின் நெற்றியில் பிஎம்பிஓ என்று போட்டு ஆயிரக்கணக்கில் ஓர் எண்ணை ஒட்டியிருப்பார்கள். அந்தப் பெட்டி மின்சாரப் பலகையிலிருந்து இழுத்த மொத்த மின்சாரமே ஒரு மேசை விசிறி இழுக்கிற அளவுதான். இப்போது பிஎம்பிஓ போய் ஆர்எம்எஸ் வந்திருக்கிறது, ஆனாலும் எண் பெரிதாக இருந்தால்தான் மரியாதை. கேட்க வேண்டிய எண் வேறு. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் வருகிறது என்று ஸ்பீக்கரின் பின்பக்கமோ கையேட்டிலோ போட்டிருக்கும். 85 போட்ட ஸ்பீக்கரில் வரும் அதே சத்தத்தை 88 போட்ட ஸ்பீக்கர் பாதி வாட்டில் கொடுத்துவிடும். என் அறையில் ஸ்பீக்கருக்கும் எனக்கும் நடுவே நாலைந்து அடிதான். அத்தை தூங்குகிற நேரத்தில் நான் வைக்கிற சத்தத்துக்கு ஒரு வாட் கூடச் செலவாகாது. மிருதங்கக்காரர் தீர்மானத்தில் ஓங்கிப் போடும் அந்த நொடிகளுக்குத்தான் கொஞ்சம் கூடுதலாகக் கையிருப்பு வேண்டும். இருநூறு வாட் வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது?

கடையில் போட்டுக் காட்டுகிற விதத்தைப் பற்றி ஒரு புலம்பல் தனியாகப் பாக்கி இருக்கிறது. உயரமான கூடம், ஆறேழு ஜோடிகள் சுவர் முழுக்க வரிசையாக, ஒன்றின் தலைமேல் ஒன்று. விற்க வேண்டிய ஜோடியை மட்டும் கொஞ்சம் சத்தம் கூட்டி வைப்பார்கள். இரண்டில் எது சத்தமோ அதுதான் நல்லது என்று காது ஏமாறும். இது மனிதக் காதின் பிறவிக் குணம், கடைக்காரர்களுக்கும் தெரியும். போதாததற்கு, சத்தம் குறையக் குறைய நம் காதுக்குக் கீழ்ஸ்தாயி மற்றதைவிட வேகமாக மங்கிப்போகும். பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து 1933லேயே கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். ஆகவே கடையில் நெஞ்சில் உதைத்த பேஸ், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் அடக்கி வைத்தால் காணாமல் போகும். உடனே, "இன்னும் பெரிசா வாங்கியிருக்கணும்" என்பார்கள் பார்க்க வந்தவர்கள்.

பெரிசா வாங்கி எங்கே வைப்பது? எங்கள் வாடகை வீட்டில் மூன்றாவது அறை என்று புரோக்கர் பெருமையாகத் திறந்து காட்டிய அறை நீளம் பத்தடி, அகலம் பத்தடி. பழைய வீடு என்பதால் உயரமும் பத்தடி. பார்க்க லட்சணமாக இருக்கும். பாட்டு கேட்க இதைவிட மோசமான வடிவம் ஒன்றை யோசித்துக் கட்டினாலும் கட்ட முடியாது.

சத்தம் எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே போய்ப் போய்த் திரும்பும்போது, அறையின் நீளத்துக்குப் பொருந்துகிற ஓர் அதிர்வெண் மட்டும் தங்கிவிடும், மற்றவை சீக்கிரம் அடங்கிவிடும். பத்தடிக்கு அது சுமார் 57 ஹெர்ட்ஸ். நீளத்துக்கு ஓர் எண், அகலத்துக்கு ஓர் எண், உயரத்துக்கு ஓர் எண் என்று மூன்றும் வேறுவேறாக இருந்தால் ஒன்றின் குறும்பை இன்னொன்று கொஞ்சம் மறைக்கும். இங்கே மூன்றும் ஒரே எண்ணில் வந்து கூடிக்கொள்கின்றன. பேஸ் கிட்டாரில் ஏ என்கிற ஸ்வரம் 55 ஹெர்ட்ஸ், அதற்கு அடுத்த அரை ஸ்வரம் 58. ராஜாவின் எண்பதுகளின் பாட்டு ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் கிட்டார் அதுபாட்டுக்கு ஒரு தனிப் பாட்டுப் பாடிக்கொண்டு போகும். என் அறையில் அது இந்த இரண்டு ஸ்வரத்தைத் தொட்டதும் ஜன்னல் கண்ணாடியும் பீரோ கதவும் சேர்ந்து பாடும். அடுத்த ஸ்வரத்துக்கு நகர்ந்தால் ஆளையே காணோம்.

இதிலும் உட்காருகிற இடத்தைப் பொறுத்துத் தலையெழுத்து மாறும். பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் அந்த 57 பூம் பூம் என்று மண்டையில் அடிக்கும். அறையின் நட்ட நடுவே, மின்விசிறிக்கு நேர் கீழே நகர்ந்தால் அதே ஸ்வரம் ஏறக்குறைய செத்துப்போகும். ஸ்பீக்கர் அதேதான், பாட்டு அதேதான், நகர்ந்தது ஐந்தடி. இதை என் கணவருக்கு நிரூபித்துக் காட்ட அறைக்குள் கூட்டிப்போய் முன்னும் பின்னும் நடக்கவைத்தேன். "ஆமாம், மாறுது. சரி, சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?" என்றார்.

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பல வருடம் இதே வேலையாக இருந்த ஃபிளாய்ட் டூல் எழுதியதைப் படித்தால் ஆறுதலும் கிடைக்கும், எரிச்சலும் வரும். எது என்ன கம்பெனி என்று தெரியாமல் மறைத்துவைத்துக் கேட்கச் சொன்னால், பெரும்பாலான மனிதர்களுக்கு ஒரே மாதிரி ஸ்பீக்கர்தான் பிடிக்கிறது: எந்த ஸ்தாயியையும் தூக்காமல் இறக்காமல் சமமாகத் தருவது. அது ஆறுதல். ஆனால் சிறிய அறைகளில் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஆட்சி அறையின் கைக்குப் போய்விடுகிறது. எத்தனை லட்சம் கொட்டினாலும் கீழே அறை வைத்ததுதான் சட்டம். லட்சம் கேட்கிறவர்கள் இதை விளம்பரத்தில் போடுவார்களா?

சரி, எங்கே உட்காரலாம் என்று தேடினால் எல்லோரும் சொல்வது, பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதம் தள்ளி உட்காருங்கள் என்று. பத்தடிக்கு அது மூன்று அடி பத்து அங்குலம். ஸ்பீக்கர்கள் இரண்டும் நாமும் சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர்களை முன்சுவரிலிருந்து இரண்டு மூன்று அடியாவது இழுத்துவைக்க வேண்டும். காகிதத்தில் வரைந்து பார்த்தால் பக்கத்துக்கு நாலே கால் அடியில் ஒரு முக்கோணம் தேறுகிறது. சின்னதுதான், ஆனால் கிட்டே உட்கார்ந்து கேட்பதில் ஒரு லாபம் உண்டு: சுவரில் பட்டு வருவதைவிட நேரே வருவது தூக்கலாக இருக்கும். அந்த முக்கோணத்தின் இடது முனையில் அறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. வலது முனைக்குப் பக்கத்தில் இரும்பு பீரோ, அதன் கதவு திறக்க இரண்டடி வேண்டும். என் தலை இருக்க வேண்டிய இடத்தில் தையல் மெஷின். அறையில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதுவும் கதவுக்குப் பின்னால் ஆள் உயரத்தில். வீடு கட்டியவர் இந்த அறையில் மனிதர்கள் இஸ்திரி போடுவதைத் தவிர வேறொன்றும் செய்யமாட்டார்கள் என்று முடிவு கட்டியிருக்கிறார்.

எல்லாவற்றையும் நகர்த்தி, தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்து ஒரு வழிக்குக் கொண்டுவந்தால், மறுநாள் காலை இரண்டு பெட்டியும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்கும். வீடு கூட்ட வருகிறவர், "ஓரமா தள்ளிட்டேன்க்கா, கால் இடறுது" என்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அறைக்கு நடுவே பெட்டி நின்றால் யாருக்கும் கால் இடறத்தான் செய்யும். ஆனால் ஒரு சுவரோடு ஒட்டினால் அடிஸ்தாயி 6 டெசிபல் வரை ஏறும், மூலையில் தள்ளினால் அதற்கும் மேல். சுவரிலிருந்து சரியாக இரண்டடி தள்ளினாலோ இன்னொரு வம்பு: பெட்டியின் பின்னால் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம், நேரே வருவதோடு மோதி 143 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் தோண்டிவிடும். ஆண்குரலின் கீழ்ப்பகுதி இருக்கிற இடம் அது. யேசுதாஸ் மந்தரத்தில் இறங்குகிற இடத்தில் அடியில் பலகையை உருவிவிட்டது மாதிரி இருக்கும். இரண்டடி சரிவரவில்லை என்றால் இரண்டரை, அதுவும் இல்லையென்றால் ஒன்றேமுக்கால் என்று அங்குலம் அங்குலமாக நகர்த்திக் கேட்பதைத் தவிர வழி கிடையாது. இதை நான் செய்யும்போது யார் பார்த்தாலும், "இன்னுமா முடியல?" என்கிறார்கள்.

ஈக்வலைசர் இருக்கிறதே என்பார்கள். மேட்டைச் செதுக்க அது உதவும், மறுக்கவில்லை. பள்ளத்தை அதைக்கொண்டு நிரப்ப முடியாது. எவ்வளவு ஏற்றுகிறோமோ அவ்வளவும் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அடித்துக்கொள்ளும், ஆம்ப்ளிஃபையர் சூடாவதுதான் மிச்சம்.

அப்புறம் அந்த முட்டை அட்டைக்காரர்கள். அறையில் எதிரொலிக்கிறது என்று யாரிடம் வாய்திறந்தாலும், முட்டைக் கடையில் சொல்லி அட்டை வாங்கி சுவர் முழுக்க ஒட்டு என்று யோசனை வரும். கூழ்க்காகிதத்தில் செய்த அந்த மெல்லிய அட்டை மேல்ஸ்தாயியில் ஏதோ கொஞ்சம் தின்னும், பல்லிக்கும் கரப்பானுக்கும் குடியிருப்பாகும். ஒரு அங்குல ஸ்பாஞ்சும் அதே கதைதான், வயலினின் பளபளப்பைத் தின்றுவிட்டு பூம் பூமை அப்படியே விட்டுவைக்கும். 57 ஹெர்ட்ஸைப் பஞ்சு வைத்து ஒழுங்காக விழுங்க வேண்டுமென்றால் அலைநீளத்தில் கால் பங்கு தடிமன் வேண்டும், அதாவது ஐந்தடி. பாதி அறைக்குப் பஞ்சு அடைத்துவிட்டு மீதிப் பாதியில் நான் உட்காரலாம்.

வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்கிற யோசனை நமக்கு ஏன் பொருந்துவதில்லை என்றால், அங்கே பல வீடுகளில் சுவர் என்பது மரச்சட்டத்தின் மேல் அடித்த ஜிப்சம் பலகை. பேஸ் பட்டால் அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கொஞ்சம் சத்தம் வெளியேயும் ஒழுகும். நம்முடையது ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே சிமென்ட் பூச்சு, கீழே பளிங்கு மாதிரி டைல்ஸ். உள்ளே போன பேஸ் வெளியே போவதாக இல்லை. ஆகவே அவர்கள் "போதாது" என்று எழுதுகிற சின்ன ஸ்பீக்கர்தான் நமக்குச் சரி. எழுபதுகளில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக எல்எஸ்3/5ஏ என்று ஒன்றை வடிவமைத்தது. ஓரடி உயரம், மூடிய பெட்டி, அடிஸ்தாயி கொஞ்சம்தான், மனிதக் குரல் மட்டும் குரலாகவே வரும். வேனுக்குள் ஒருவர் உட்கார்ந்து கேட்க என்று இடத்தை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பெட்டி செய்தார்கள். அந்த நியாயம் நம் கடைக்காரர்களுக்கு ஏன் எட்டவில்லை? சின்ன மூடிய பெட்டி இருக்கிறதா என்று கேட்டால், "சப்வூஃபர் தனியா போட்டுக்கலாம் மேடம்" என்கிறார்கள்.

பின்னால் ஓட்டை வைத்த பெட்டிகளைத்தான் எங்கு போனாலும் நீட்டுகிறார்கள். சுவரை ஒட்டி வைத்தால் அந்த ஓட்டை சுவரைப் பார்த்து ஊதும், துணியைச் சுருட்டி அடைக்க வேண்டும். அடைக்காமல் விட்டால் பல்லி குடிபோகும், எந்தக் கையேட்டிலும் இது இல்லை. கோனைச் சுற்றியிருக்கும் வளையம் ரப்பரா ஸ்பாஞ்சா என்று கேட்டாலும் முழிக்கிறார்கள். ஸ்பாஞ்ச் என்றால் இந்தக் கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் பத்துப் பதினைந்து வருடத்தில் பொரிபொரியாக உதிர்ந்துவிடும். பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் விரலால் லேசாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சரியாக வைத்திருக்கிறோமா என்று பார்க்க நான் ஸ்டீரியோப் பாட்டே போடுவதில்லை. எம்எஸ்வி காலத்து மோனோப் பாட்டு ஒன்றைப் போடுவேன், பிபி ஸ்ரீனிவாஸ் குரலாக இருந்தால் உத்தமம். இரண்டு பெட்டியிலும் ஒரே சத்தம்தான் வருகிறது, ஆனால் குரல் எந்தப் பெட்டியிலிருந்தும் வரக்கூடாது. நடுவில், மாத காலண்டர் தொங்குகிற வெற்றுச் சுவரிலிருந்து வர வேண்டும். லண்டனில் ஆலன் புளும்லைன் 1931 டிசம்பரில் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டபோது நம்பியிருந்தது காதின் இந்த ஏமாளித்தனத்தைத்தான். என் அறையில் இடப்பக்கம் திரை போட்ட ஜன்னல், வலப்பக்கம் இரும்பு பீரோ. பீரோ சத்தத்தைப் பளிச்சென்று திருப்பி அடிக்கும், திரை விழுங்கும். ஸ்ரீனிவாஸ் காலண்டரை விட்டு ஓரடி பீரோ பக்கம் சாய்ந்தே நின்று பாடுவார். மகளைக் கைக்கண்ணாடியோடு பீரோவை ஒட்டி நகரச் சொல்லி, நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடியில் ட்வீட்டர் தெரிகிற இடத்தில் ஒரு தடித்த ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டேன். பீரோ என்பதால் காந்தம் வைத்து மாட்ட முடிந்தது. சுவராக இருந்தால் முடியாது, ஏனென்றால் ஹவுஸ் ஓனரின் ஒப்பந்தத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்று அடிக்கோடிட்டு இருக்கிறது. குரல் காலண்டருக்குத் திரும்பிய சந்தோஷத்தில் இருக்கும்போது அத்தை வந்து, "பீரோவைத் திறக்கணும், இதை எடும்மா" என்றார்.

ஒரு தடவை ஒயர் மாற்ற வந்த எலக்ட்ரீஷியன், ஒரு பெட்டிக்கு மட்டும் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். பேஸ் அடியோடு போய், ஸ்ரீனிவாஸ் காலண்டரிலும் இல்லை, பீரோவிலும் இல்லை, அறை முழுக்கப் புகையாகப் பரவி நின்றார். கூப்பிட்டுக் கேட்டால், "ரெண்டுலயும் சத்தம் வருதுல்லம்மா?" வருகிறது. 1978இல் 'ப்ரியா' பாடல்களை இளையராஜா ஸ்டீரியோவில் பதிவுசெய்தார். இத்தனை வருடம் ஆகியும் நம் ஊரில் ஸ்டீரியோ என்றால் இரண்டிலும் சத்தம் வருவது என்றுதான் அர்த்தம். ஒரு பெட்டியை ஹாலிலும் இன்னொன்றைச் சமையலறையிலும் வைத்துக்கொண்டு திருப்தியாக இருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும்.

ஸ்டாண்டு கதை சின்னது. ட்வீட்டர் காதின் உயரத்தில் இருக்க வேண்டும். விற்கிற ஸ்டாண்டு எல்லாம் சோபாவில் உட்காருகிறவர்களுக்காகச் செய்தவை. தரையில் ஜமுக்காளம் விரித்து உட்காருகிற எனக்கு அவை நாலு அங்குலம் உயரம். கிரில் பட்டறையில் சொல்லி இருபது அங்குலத்தில் ஒரு ஜோடி செய்து, அதிராமல் இருக்கக் குழாய்க்குள் மணல் நிரப்பினேன். "மணல் விக்கிற விலைக்கு இதுக்குள்ள கொட்டறீங்களேம்மா" என்று பட்டறைக்காரர் வருத்தப்பட்டார். அவர் ஒருவர்தான் இந்த விவகாரத்தில் நியாயமாக ஏதாவது சொன்னவர்.

"இவ்வளவு தொல்லைக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக்கோயேன்" என்பது எல்லோருடைய கடைசி அஸ்திரம். இருக்கிறது, இரண்டு இருக்கின்றன. மே மாதம் சென்னையில் காதைச் சுற்றி ரெக்ஸின் மெத்தை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். வியர்வையைக்கூட விடுங்கள், ஹெட்போனில் பாடகர் என் மண்டைக்குள் நின்று பாடுகிறார். எனக்கு எதிரே நின்று பாட வேண்டும். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் எல்லோரும் என் தலைக்குள்தான் இருக்கிறார்கள், பாடகராவது வெளியே நிற்கட்டுமே.

ஒருவழியாக இப்போது இடது பெட்டி கதவுக்கு ஒரு விரல் தப்பி நிற்கிறது. தையல் மெஷின் ஹாலுக்குப் போய்விட்டது. பேஸ் கிட்டாரில் முக்கால்வாசி ஸ்வரங்கள் அளவோடு வருகின்றன. நேற்று அத்தை பரணைப் பார்த்துக்கொண்டே, நவராத்திரிக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டார். இந்த வருஷமும் கொலுப்படி அந்த அறையில்தானாம், முன்சுவரை ஒட்டி ஏழு படி. பெட்டி இரண்டையும் பத்து நாள் பரணில் ஏற்றிவிட வேண்டுமாம்.

"ஸ்டாண்டு ரெண்டும் இருக்கட்டும்மா, உயரம் வாட்டமா இருக்கு. ஒண்ணுல செட்டியார் பொம்மை, ஒண்ணுல சுண்டல் பாத்திரம்."